இசக்கி கூப்பிட்ட பேர்

வரமாட்டேன் என்கிறது. ரோஸ்லின் வீட்டு மாடி ஹாலில், மின்விசிறிக்கு நேர் கீழே, மடியில் எவர்சில்வர் தட்டும் கையில் ஸ்பூனுமாக உட்கார்ந்திருக்கிற குணசுந்தரிக்கு அந்த ஒரு பேர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஆள் வருகிறாள். ஆள் அப்படியே முழுசாக வந்து நிற்கிறாள், அதுதானே கொடுமை! குட்டையாக, கறுப்பாக, ரெட்டைச் சடையை மடித்துக் கட்டி, இடது முழங்காலில் ஒரு பெரிய தழும்போடு. விக்கிரமசிங்கபுரத்து மில் தொழிலாளி மகள். கணக்குப் பிரிவு, இரண்டாம் வருஷம். மெஸ்ஸில் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பாள், சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். காலில் கிடந்த ஷூகூட அவளுடையது இல்லை, கூட ஆடின ஸ்டெல்லாவின் பழைய ஷூ. நுனியில் கிழிசல் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு ஓடினாள். இத்தனையும் இருக்கிறது. துணியின் நிறம்கூட இருக்கிறது, நீலப் பூப்போட்ட பாவாடைத் துணி. பேர் மட்டும் எங்கே போய்த் தொலைந்தது? அடி பாவி மகளே, உன் பேர் என்னட்டி? இன்னும் கொஞ்ச நேரத்தில் என் முறை வந்துவிடும். ஹமீதா சொல்லி முடித்தால் பகவதி, பகவதி முடித்தால் நான். நடுவில் யாருமில்லை. முன்னெல்லாம் நடுவில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள்.

"எலுமிச்சம்பழத்த நாலா வெட்டி, உப்பத் தொட்டு, ஆளுக்கு ஒண்ணா நீட்டுதேன். எல்லாவளும் வாங்குதாளுவ. இசக்கி மட்டும் வாங்க மாட்டேங்கா. ஏட்டி இசக்கி, சப்பிக்கிடுட்டி, நாக்கு வறண்டுரும்ங்கேன். அவ என்னைய பாக்கவே இல்ல. அந்தப் பக்கம் மெட்ராஸ்காரிய ஒரே மாதிரி கோட்டு போட்டுக்கிட்டு, குளுக்கோஸ் கலக்கிக் குடிச்சுக்கிட்டு நிக்காளுவளா, அவளுகளயே பாத்துக்கிட்டு இருக்கா..." ஹமீதா தன் பங்கைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடைவேளை அவளுடையது. எலுமிச்சம்பழமும் உப்பும் அவளுடையது. வருஷம் தவறாமல் இதே நாளில், உலகம்மாள் மகளிர் கல்லூரி பாஸ்கெட்பால் கோப்பையை வாங்கிய நாளில், அன்றைக்கு மதுரைக்கு பஸ் ஏறிப் போய் தட்டை அடித்துத் தொண்டை கிழியக் கத்திய ஹாஸ்டல் பெண்கள் ஒரு வீட்டில் கூடுகிறார்கள். ஆடினவர்கள் இல்லை, பார்த்தவர்கள். ஆடினவர்கள் கல்யாணம், வேலை என்று மூலைக்கு ஒருத்தியாகப் போய்விட்டார்கள். அவர்களுக்கே இவ்வளவு ஞாபகம் இருக்குமோ என்னமோ. பார்த்தவர்கள்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தன் துண்டை அவளவள்தான் சொல்ல வேண்டும், இன்னொருத்தி அதில் வாய் வைக்கக் கூடாது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் எல்லாரும் சேர்ந்து, "அப்புறம் என்னாச்சுட்டி?" என்று கேட்க வேண்டும். கூடை விழுகிற இடம் வந்தால் தட்டை அடிக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய பொம்பிளைகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், மாடி ஹாலில் உட்கார்ந்து தட்டை அடித்தால் கீழ்வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? நினைத்துக்கொள்ளட்டும், அவன் என்ன கண்டான்!

இதெல்லாம் மனோன்மணி மிஸ் போட்ட சட்டம். ஹாஸ்டல் வார்டன். பூனைக்கண்ணும் கஞ்சி போட்ட காட்டன் சேலையுமாக வராந்தாவில் அவர் நடந்தால் ட்ரான்சிஸ்டர்கள் தானாக வாயை மூடும். அந்த மிஸ், கையெழுத்துப் போட்டு பஸ்ஸை வாங்கி, முப்பது பெண்களை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, ஆட்டம் ஆரம்பித்ததும் என்ன செய்தார் தெரியுமா? கேலரிக்குப் பின்னால் போய் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பார்க்க முடியாதாம். நெஞ்சு அடைக்கிறதாம். கடைசி விசில் வரைக்கும் அந்த மனுஷி சுவரில் ஒட்டியிருந்த பழைய தேர்தல் போஸ்டரையே படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் திரும்பி வரும்போது, பஸ் திருமங்கலம் தாண்டியதும், முன்சீட்டிலிருந்து திரும்பாமலேயே, "எப்படி ஆடினாங்கன்னு யாராவது சொல்லுங்களேன்" என்றார். முப்பது வாயும் ஒன்றாகத் திறந்தது. "இப்படிக் கத்தினா எனக்கு என்ன புரியும்? ஒருத்தி சொல்லும்போது இன்னொருத்தி மூச்சு விடப்படாது. விட்டா இந்த வாரம் பூரா அவளுக்கு மெஸ்ஸுல அப்பளம் கிடையாது." அன்றைக்கு பஸ்ஸில் யார் யார் எதைச் சொன்னார்களோ அது அவரவர்க்கு ஆகிப்போனது, இன்றுவரை மிஸ்ஸிடம் சொல்கிற மாதிரியேதான் சொல்கிறார்கள். ஒவ்வொருத்தி நிறுத்தும்போதும் மிஸ் முன்சீட்டிலிருந்து, "அப்புறம் என்னாச்சுட்டி?" என்பார். பழையகாயல்காரி, எங்களிடம் அதுவரை இங்கிலீஷ் தவிர வேறு பேசாதவர், அன்றைக்குத்தான் முதல்முதலாக 'ட்டி' போட்டுக் கூப்பிட்டார். கடைசித் துண்டைச் சொன்னது குணசுந்தரி. சொல்லி முடித்ததும் மிஸ் திரும்பினார். மூக்கெல்லாம் சிவந்து போய் அழுதுகொண்டிருந்தார். அந்த மூக்கு ஞாபகம் இருக்கிறது. மூக்கு இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது, அப்பளம் இருக்கிறது.

மூன்று நாளாக இப்படி. அன்றைக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போது வழக்கம்போலச் சொல்லிப் பார்த்தாள். வருஷா வருஷம் அப்படித்தான், நாலு நாள் முன்பிருந்தே குளியலறையில் ஒத்திகை. இசக்கி ரிங்குக்குக் கீழே ஓடி, கையைத் தூக்கி, ஒரு சத்தம் போடுகிறாள், என்ன சத்தம்? அந்தக் குட்டைப் பெண்ணின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்த இடத்தில் வாய் திறந்தபடி நின்றது. உள்ளே ஒன்றுமே இல்லை. கம்பெடுத்துத் துழாவினாலும் ஒன்றும் தட்டுப்படாத கிணறாக இருந்தது. செம்பை வைத்துவிட்டு ஈரத்தோடு நின்றாள். சரி, வயசாகவில்லையா, யாருக்குத்தான் பேர் மறக்கவில்லை, மதியத்துக்குள் தானாக வரும் என்று விட்டாள். வரவில்லை. போட்டோவைப் பார்க்கலாம் என்றால் கோப்பையோடு பேப்பரில் வந்த படத்தில் அவள் இல்லை, அந்த நேரம் பார்த்து வாந்தி எடுக்கப் போயிருந்தாள். ரோஸ்லினிடம் கேட்கலாமா? போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டாள். என்னவென்று கேட்பது? இத்தனை வருஷமாகச் சொல்கிறவள் நான், நானே போய் அவள் பேர் என்ன என்று கேட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்! பகவதிக்கு மட்டும் போன் போட்டு, சுற்றி வளைத்து, அந்தக் குட்டச்சி இப்போ எங்கனட்டி இருக்கா என்றாள். பம்பாயிலதான இருந்தா, அப்புறம் தகவலே இல்லையே என்றாள் பகவதி. பேரைச் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள், அவள் சட்டப்படி நடக்கிறவள், அந்தப் பெண் குணசுந்தரியின் பங்கு. குணசுந்தரி கத்தரிக்காய் என்ன விலை என்று ஏதோ கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

டண் டணார் என்று தட்டுகள் அடிபட்டன. குணசுந்தரி பதறிப்போய்த் தானும் ரெண்டு அடி அடித்தாள். ஹமீதா முடித்துவிட்டாளா? இல்லை, இடைவேளைக்கு அப்புறம் இசக்கி போட்ட முதல் கூடை. அதுவும் ஹமீதாவோடதுதான். அ-விலிருந்து வரிசையாகப் போய்ப் பார்ப்போம். அன்னம், அமுதா, அழகம்மை. இல்லை. கனகா, கஸ்தூரி. இல்லவே இல்லை. பேரைக் கேட்டால் பளபளவென்று இருக்கும், அது தெரிகிறது, ஆள் கறுப்பு பேர் மினுக்கா என்று ரோஸ்லின்கூடக் கேலி பேசுவாள். முத்து? பவளம்? ரத்தினம்? தங்கம்? எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து இடித்துவிட்டுப் போகிறது. பொன்னு, புஷ்பம், மல்லிகா, மங்கை, மணி... "காப்பிட்டி. சீனி போட்டதா போடாததா?" பதிலை வாங்கிக்கொண்டு போன ரோஸ்லின் தட்டோடு திரும்பி வந்து முன்னால் நின்றாள். சீனி போடாததுதான் என்றாள் குணசுந்தரி. "அதத்தான் இப்பக் கேட்டேன், நீயுஞ் சொன்ன, கொண்டாந்துட்டேன், மறுபடியும் அதயே சொல்லுத." ரோஸ்லின் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். கேலிதான். சும்மா கேலிதான். டம்ளர் விளிம்பில் குணசுந்தரியின் பல் இடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பகவதி சிரிக்கவில்லை, அதை அவள் கவனித்தாள்.

பெரியக்காவுக்கு முதலில் பேர்கள்தான் போயின. தூரத்துப் பேர்கள், பிறகு தெருப் பேர்கள், பிறகு வீட்டுப் பேர்கள். மகனைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்று மரியாதையாகக் கேட்டாள். அவன் அழுதான், அவள் பாவம் அவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னாள். கடைசியில் தண்ணீரைப் பார்த்தால் குடிக்க வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு அது ஆரம்பித்தபோது என்ன வயசு? என் வயசுதான். இல்லையென்று எத்தனை தரம் கூட்டிக் கழித்தாலும் என் வயசுதான். போன மாதம் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டுப் பாத்திரம் வைக்காமல் நின்றோமே, அது? வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திகைத்தோமே, அது? யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள் நான்! நம்பர் கேட்டால் புஸ்தகத்தைப் புரட்டவே மாட்டேன். அரிசி மில், ஆஸ்பத்திரி, கலெக்டர் பங்களா, அல்வாக் கடை, எல்லாம் நாக்கு நுனியில். குணசுந்தரி இருக்கும்போது டைரக்டரி எதுக்கு என்று சூப்பர்வைசரே சொல்வார். இப்பவும் அந்த அரிசி மில் நம்பர் வருகிறது. மில்லே இல்லை, இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டான், நம்பர் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. உனக்கு இடம் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையைத் துரத்திவிட்டேனே. சீ, என்ன தலை இது.

ஆரம்பத்தில், மத்தியானம் சாப்பிட்டு முடித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்ததும், முதலில் ஜெயராணியின் பங்கு. டாஸ் போட்டதும், இசக்கி முதல் பந்தை எம்பித் தட்டியதும் அவளுடையது. ஜெயராணி செத்து நாலு வருஷமாகிறது. அவள் பங்கை யாரும் சொல்வதில்லை. எல்லாரும் தலையைக் குனிந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள், பிறகு ரோஸ்லின் ஒரே ஒரு அடி தட்டில் அடிப்பாள், அடுத்தவள் ஆரம்பிப்பாள். இன்றைக்கும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு காலத்தில் முப்பது பேர், இப்போது இந்த ஹாலில் ஏழு பேர். நடுவில் நிறைய இடத்தில் ஒற்றைத் தட்டு. ஒருவரும் போய் அதை நிரப்புவதில்லை. நிரப்பினால் சண்டை. ஒரு வருஷம் ஹமீதா எலுமிச்சம்பழம் என்பதற்குப் பதில் ஆரஞ்சு என்று சொல்லிவிட்டாள் என்று ரோஸ்லின் திருத்தப் போய், ஹமீதா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனவள் ரெண்டு வருஷம் வரவில்லை. ரோஸ்லின் வீடு தேடிப் போய்க் காலைப் பிடிக்காத குறைதான். அப்படிப்பட்டவர்கள் இவர்கள். என் பேர் வராமல் நான் நின்றால் இவர்கள் என்ன செய்வார்கள்? தலையைக் குனிவார்கள். எனக்குத் தெரியும். தலையைக் குனிந்து பேசாமல் இருந்துவிட்டு ரோஸ்லின் ஒரே ஒரு அடி அடிப்பாள். நான் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே, முந்திரிக்கொத்து தின்றுகொண்டு உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே, எனக்கு ஒற்றைத் தட்டு அடித்துவிடுவார்கள். எழுந்து போய்விடலாமா? தலை சுற்றுகிறது, பிரஷர் என்று சொல்லிவிடலாமா?

"அப்புறம் என்னாச்சுட்டி?" என்றது ஹால். குணசுந்தரியின் வாயும் சேர்ந்து கேட்டது. பகவதி தொண்டையைச் செருமினாள். பகவதி கெட்டிக்காரி, அலட்டாமல் சொல்வாள், கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். "அப்புறம்தான் மிஸ், எங்க ஸ்டெல்லா நின்னா. அந்த மெட்ராஸ்காரி நெட்டச்சி இருக்காள்லா, ஆறடி, கைய நீட்டுனா ரிங்குல துணி காயப் போட்டுருவா. அவளுக்குப் பந்து போச்சுன்னா கூடைதான். அவளத்தான் ஸ்டெல்லா மறிச்சா. இடிச்சு விழுந்தா, எந்திரிச்சா, மறுபடி போய் நின்னா. மூக்குல ரத்தம் வருது மிஸ், சட்டையிலயே தொடச்சுக்கிட்டா. ரெஃப்ரி பாத்தா வெளிய அனுப்பிருவாராம், அதான்." ஆகா, என்ன பெண்கள்! குணசுந்தரிக்கு எத்தனையாவது தரம் கேட்டாலும் இந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். ஒரே ஒரு பந்து வைத்துக்கொண்டு விடிகாலையில் மண் கோர்ட்டில் ஆடிப் படித்தவர்கள். மழை பெய்தால் கோர்ட்டில் தண்ணீர் நிற்கும், வாளியில் மொண்டு கொட்டிவிட்டு ஆடுவார்கள். பந்து சேற்றில் விழுந்தால் எம்பாது, அதனால்தான் கையிலிருந்து கைக்குத் தரையே படாமல் எறியப் பழகினார்கள். மதுரையில் சிமெண்ட் தரையைப் பார்த்ததும் பந்து இவ்வளவு உயரம் எம்புகிறதே என்று பயந்தவர்கள். மெட்ராஸ்காரிகளுக்கு ஆளுக்கொரு பந்து, ஆளுக்கொரு டவல். நம் பிள்ளைகள் ஒரு டவலை அஞ்சு பேராகத் துடைத்துக்கொண்டார்கள். கால் தெரிய ஆடுகிறார்கள் என்று ஊரில் ஏசினவன் எத்தனை பேர்! இசக்கியம்மாளின் அப்பா மூன்று மாதம் மகளோடு பேசவில்லை. அவள் பேசாமல் ஆடினாள். அவள் ஓடி வந்து எம்பும்போது பார்க்க வேண்டும், போன உயரத்திலேயே கொஞ்ச நேரம் நிற்பாள், இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவள் மாதிரி. அந்த மாதிரி ஒரு பெண்ணை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. டிவியில் காட்டுகிறார்கள், எல்லா நாட்டுக்காரியும் எம்புகிறாள், நிற்கிறவள் ஒருத்தியும் இல்லை.

"நாப்பத்தேழுக்கு நாப்பத்தேழு. பந்து நெட்டச்சி கைக்கு வருது. ஸ்டெல்லா குறுக்க பாயுதா. விசில். அஞ்சாவது பவுல் மிஸ். வெளிய போன்னு ரெஃப்ரி கைய காட்டுதாரு. ஸ்டெல்லா அழல. நேர பெஞ்சுக்கு வந்து, அங்கன உக்காந்திருந்தவ முன்னால நின்னு, கைய குடுத்துத் தூக்கிவிட்டா. அம்புட்டுத்தான் நான் பாத்தது." பகவதி நிறுத்தினாள். அங்கன உக்காந்திருந்தவ. பேரில்லை. பேர் என் பங்கு. ஹால் முழுக்க ஏழு முகமும், இல்லை, ஆறு முகமும் இந்தப் பக்கம் திரும்பியது. மின்விசிறி கிரிச் கிரிச்சென்று சுற்றியது. யாரோ முந்திரிக்கொத்தை அவசரமாக விழுங்கினார்கள். "அப்புறம் என்னாச்சுட்டி?" எல்லாக் குரலிலும் அடியில் மனோன்மணி மிஸ்ஸின் குரல் ஒன்று கேட்டது, முன்சீட்டிலிருந்து, திரும்பாமல். போய்விடலாம் என்று நினைத்தவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போதும் அவள் நின்றுதான் சொல்வாள். கால் பழக்கத்தில் எழுந்துவிட்டது. சரி, ஆரம்பித்துவிடு, போகிற வழியில் எங்காவது கிடந்தால் எடுத்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்புறம் மிஸ், அந்தப் பிள்ள உள்ள வருது. ஆட்டம் பூரா பெஞ்சுல உக்காந்திருந்த பிள்ள. ஷூவுல துணி அடச்சிருக்கு. மெட்ராஸ் கேலரி சிரிக்கான். ஏ பாப்பா, வழி தப்பி வந்துட்டியாங்கான். நாங்க தட்ட அடிக்கோம், கை மரத்துப் போச்சு. நெட்டச்சிக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பந்து விழுந்துட்டு. நாப்பத்தெட்டு அவளுகளுக்கு. எனக்கு அடிவயிறு இழுக்கு மிஸ். ரெண்டாவது பந்து ரிங்குல பட்டு, சுத்தி, வெளிய விழுது. எல்லாவளும் எம்புதாளுவ. எல்லாவளும் நெட்ட. பந்து ஒருத்தி கையிலயும் நிக்கல, தட்டித் தட்டிக் கீழ வருது. கீழ ஒருத்திதான நிக்கா? நம்ம பிள்ள! எடுத்தா பாருங்க, ஓரத்தோட ஓடுதா. வெள்ளக் கோட்டுக்கும் அவ காலுக்கும் ஒரு விரக்கட இல்ல. ஷூ கழண்டு போச்சு மிஸ்! ஒத்தக் காலு ஷூவோட ஓடுதா. ரெண்டு பேரு வந்து மறிச்சுட்டாளுவ. நெட்டச்சியும் கைய விரிச்சுக்கிட்டு வந்துட்டா. நேரம் முடியப் போவுது, ரெஃப்ரி விசில வாயில வச்சுட்டாரு. அந்தப் பக்கம் ரிங்குக்குக் கீழ இசக்கி. ஒத்தையில நிக்கா. கைய மேல தூக்கி, கேலரி பூரா கேக்க, ஒரு சத்தம் போட்டா. போட்டா பாருங்க..."

இல்லை. வந்து நின்ற இடத்தில் இல்லை. இசக்கியின் வாய் திறந்திருக்கிறது. கை மேலே இருக்கிறது. சத்தமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் குட்டைப் பெண் பந்தோடு நிற்கிறாள், மூன்று பேர் நடுவில், யாரும் கூப்பிடாமல். கூப்பிட்டால்தானே எறிவாள்? கூப்பிடுட்டி, கூப்பிடு! குணசுந்தரி கண்ணைத் திறந்தாள். ஆறு முகம். ரோஸ்லினின் கை தட்டின் மேல் இருந்தது. அந்த ஒற்றை அடிக்குத்தான் வைத்திருக்கிறாளோ? அக்கா, நீ இப்படித்தான் நின்றாயா, இவ்வளவு பயமாகவா இருந்தது, நான் தெரியாமல் உன்மேல் எரிந்து விழுந்தேனே. இதோ தலையைக் குனியப் போகிறார்கள். இதோ.

"மரகதம்!"

பக்கத்திலிருந்து வந்தது. பகவதி. எதற்கும் குரலை உயர்த்தாத பகவதி, நரம்பு புடைக்கக் கத்தினாள். சட்டம் தெரிந்தவள், சட்டப்படி நடக்கிறவள். ஒரு நொடி ஹால் திடுக்கிட்டது. அடுத்த நொடி ரோஸ்லின், "மரகதம்!" என்று எழுந்தேவிட்டாள். ஹமீதா, "ஏட்டி மரகதம், குடுட்டி!" என்று தொடையில் தட்டிக்கொண்டு அலறினாள். எல்லாரும். ஆறு பேரும். தட்டைப் போட்டு அடி அடியென்று அடித்துக்கொண்டு, மதுரை கேலரியில் கத்தினது போலவே, மரகதம் மரகதம் என்று. கீழ்வீட்டில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மரகதம்! ஆமாம், மரகதம். எங்கேயடி போயிருந்தாய், முத்துக்கும் பவளத்துக்கும் நடுவில்தானே நின்றாய்! குணசுந்தரிக்குக் கண்ணில் நீர் பொங்கி வழிந்தது. துடைக்கவில்லை. துடைக்க நேரமில்லை, பந்து கையில் இருக்கிறது.

"மரகதம் திரும்பிக்கூடப் பாக்கல மிஸ்! நெட்டச்சி கைய விரிச்சிருக்காள்லா, அதுக்குக் கீழ, தரையில ஒரே ஒரு குத்து. சேத்துக் கோர்ட்டுல ஆடுனவ, தரையில குத்தி எறிஞ்சதே இல்ல. அன்னைக்கு எறிஞ்சா. பந்து எம்பி நேர இசக்கி கையில போய் உக்காந்துட்டு. இசக்கி ரெண்டு எட்டு வச்சா, எம்புனா, மேலயே நின்னா மிஸ், சத்தியமா நின்னா, போர்டுல தட்டி விட்டா. ரிங்கச் சுத்துது, சுத்துது, உள்ள விழுந்துட்டு. விசில். நாப்பத்தொம்பது. நாம ஜெயிச்சுட்டோம் மிஸ்!" தட்டுகள் ஓய்வதற்கு வெகுநேரம் ஆனது. அடித்து ஓய்ந்து, மூச்சு வாங்கி, ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சட்டம் உடைந்திருந்தது. ரோஸ்லின்தான் முதலில் பேசினாள். "போச்சு. இந்த வாரம் பூரா ஒருத்திக்கும் அப்பளம் கிடையாது." ஹால் வெடித்துச் சிரித்தது. ஹமீதா வந்து குணசுந்தரியின் தோளில் ஒரு குத்து விட்டாள். "என்னமா நிறுத்துனட்டி அந்த எடத்துல! எனக்கு உசுரே போயிட்டு. அடுத்த வருசமும் அப்படியே நிறுத்து, கேட்டியா. நாங்க கூப்பிடுதோம்." அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லையா, தெரிந்துதான் சொல்கிறாளா என்று குணசுந்தரிக்குப் புரியவில்லை. பகவதி ரெண்டு பேர் தட்டையும் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவில் வந்தார்கள். சாயங்கால வெயில் முகத்தில் அடித்தது. மடியில் பை, பைக்குள் தட்டு ரெண்டும் குலுங்கும்போதெல்லாம் கிணுங்கின. குணசுந்தரிக்கு மனசு லேசாக இருந்தது, பரீட்சை முடிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு இருப்பதுபோல. அக்காவுக்கு யாரும் இப்படிக் கத்திக் கொடுக்கவில்லை. நாங்கள் எல்லாரும் அவளைச் சோதித்துக்கொண்டுதான் இருந்தோம், நான் யார் சொல்லு, இது யார் சொல்லு என்று. சொல்லிக் கொடுத்திருக்கலாம். சமாதானபுரம் திருப்பத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் பாஸ்கெட்பாலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் போனாள், ரெட்டைச் சடை. அட, அவளைப் போலவே, என்று பகவதியிடம் காட்டுவதற்குத் திரும்பினாள். அவளைப் போலவே. யாரைப் போல? கை நீட்டியபடி நின்றது. துழாவினாள். இப்போதுதானே, ஹாலே அதிரக் கத்தினார்களே, அரைமணி நேரம்கூட ஆகவில்லையே. கிணறு. ஒன்றுமில்லை. கத்தரிக்காய் விலை கேட்கலாம், வெயிலைப் பற்றிப் பேசலாம். எதற்கு? பகவதியின் கை அவள் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. குணசுந்தரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பகவதி, அவ பேரு போயிட்டுட்டி."

பகவதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு, சீனி போட்டதா போடாததா என்று கேட்கிற குரலில், "மரகதம்" என்றாள்.

"ஆங், மரகதம். மரகதம்தான்." ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. தட்டுகள் கிணுங்கின. பிடித்த கையை பகவதி விடவில்லை.

"அப்புறம் என்னாச்சுட்டி?" என்றாள்.

குணசுந்தரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.